தூணில் காடி எதற்கு?

சுவரில் ஒட்டுகிற வரிவரியான பலகைக்கு இப்போது எல்லோரும் ‘ஃப்ளூட்டட் பேனல்’ என்று பெயர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால், குறுக்குவாட்டில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். விரல் பள்ளத்தில் இறங்கி, ஒரு விளிம்பில் ஏறி, மறுபடி பள்ளத்தில் இறங்கினால் அது ஃப்ளூட்டிங். உருண்டையான மேடுகளின் மேல் ஏறி ஏறி, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சிக்கிக்கொண்டே போனால் அது ஃப்ளூட்டிங் இல்லை, ரீடிங். ஃப்ளூட்டட் என்ற பெயரில் வருகிற பலகைகள் பலவும் இந்த இரண்டாவது ரகம்தான்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. புல்லாங்குழலை நெடுக்காகப் பிளந்தால் கிடைக்கிற அரைவட்டப் பள்ளம் ஃப்ளூட். நாணல் தண்டுகளைக் கட்டாகக் கட்டினால் கிடைக்கிற புடைப்பு ரீட். தச்சர்கள் பள்ளத்தைக் காடி என்பார்கள். அதையே எடுத்துக்கொண்டு, குழிந்த வரிக்குக் காடி, புடைத்த வரிக்குப் புடைவரி என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். குழிவா புடைப்பா என்பது சில்லறைச் சண்டை மாதிரித் தோன்றலாம். ஆனால் நிழல் விழுகிற இடம் இரண்டிலும் வேறு, கையில் படுவதும் வேறு. காடியில் பரப்பு முழுக்க நிழல், விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். புடைவரியில் பரப்பு முழுக்க வெளிச்சம், இடுக்கில் மட்டும் ஒரு கோடு நிழல். இந்த அலங்காரத்தின் வரலாற்றை வெளிச்சத்தையும் கையையும் விட்டுவிட்டுப் படித்தால் வெறும் பாணிகளின் பட்டியலாகிவிடும்.

கல்லில் வெட்டிய வரித்தூண்களில் மிகப் பழையவை எகிப்தில் சக்காராவில் இருக்கின்றன. கி.மு. 2650 வாக்கில் ஜோசர் மன்னருக்காக எழுந்த படிப் பிரமிடு வளாகம் அது. கட்டியவர் இம்ஹோதெப் என்று சொல்லப்படுகிறது. நம்முடைய இரண்டு ரகமும் அங்கேயே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. நுழைவு மண்டபத்தின் தூண்கள் நாணல் கட்டைப் போலப் புடைத்தவை. உள்ளே இருக்கும் இரண்டு கட்டடங்களின் முகப்பில் ஒட்டி நிற்கும் மெலிந்த தூண்கள் குழிந்த காடி கொண்டவை. இவற்றில் எதுவும் தனியாக நிற்கவில்லை, எல்லாம் ஏதாவது ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. நாணலிலும் மரத்திலும் மண்ணிலும் கட்டிப் பழகிய கைகள் கல்லுக்கு மாறிய காலம். பழைய பொருளின் உருவத்தைப் புதிய பொருளில் செதுக்கி வைத்தார்கள்.

அதற்குச் சில நூற்றாண்டு கழித்து எகிப்திலேயே குடைந்த பெனி ஹாசன் பாறைக் கல்லறைகளில் இன்னொரு வழி தெரிகிறது. சதுரத் தூணின் நான்கு முனைகளைச் சீவினால் எண்பட்டைத் தூண். அந்த எட்டு முனைகளையும் சீவினால் பதினாறு பட்டைத் தூண். பட்டை கூடக் கூட ஒரு சிக்கல் வரும். எண்பட்டையில் அடுத்தடுத்த முகங்களுக்கு நடுவில் 135 பாகை. முனை பளிச்சென்று தெரியும். பதினாறில் அது 157.5 பாகை. கொஞ்ச தூரம் தள்ளி நின்றால் தூண் வெறும் உருளையாகிவிடும், அத்தனை உழைப்பும் வீண். முனையை மீட்க ஒரு வழிதான் உண்டு: ஒவ்வொரு பட்டையையும் லேசாகக் குழித்துவிடுவது. பெனி ஹாசனில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியன் அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு, டோரிக் என்ற கிரேக்கப் பாணித் தூணுக்கு இவை முன்னோடி என்று சொல்லிப்போனார். மரத்தை வாய்ச்சியால் செதுக்கிய தடம்தான் காடியாக மாறியது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ, காணாமல் போன முனையை மீட்கக் குழித்தது என்பதுதான் கையோடு ஒட்டிவருகிற விளக்கமாகப் படுகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் பதினாறு பட்டை லிங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தாரா லிங்கம் என்கிற அந்த வகையில் பட்டைகள் மெல்லக் குழிந்திருக்கும், மெருகேற்றிய கறுப்புக் கல்லில் விளிம்புகள் கோடு கிழித்த மாதிரி நிற்கும்.

கிரேக்கர்கள் இதைக் கணக்காக்கினார்கள். டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று தூணில் அவர்களுக்கு மூன்று பாணிகள். டோரிக் தூணுக்கு 20 காடி, காடியும் காடியும் சந்திக்கும் இடம் கத்தி போன்ற கூர்விளிம்பு. அயோனிக் தூணுக்கு 24 காடி, நடுவில் கூர்விளிம்புக்குப் பதில் மெல்லிய சமப் பட்டை. கொரிந்தியனும் அயோனிக் வழிதான். இவை பிற்பாடு நிலைத்த எண்கள். கிரேக்கத்தில் சூனியன் என்ற கடல்முனையிலுள்ள பொசைடன் கோயிலின் டோரிக் தூண்களில் 16 காடிகளே உள்ளன. பழைய அயோனிக் தூண்களில் 40ஐத் தாண்டியதும் உண்டு.

இருபதில் என்ன விசேஷம்? ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். டோரிக் தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும் பலகைக்கல் சதுரம். 20 காடி என்றால் ஒவ்வொன்றுக்கும் 18 பாகை. முன்பக்கத்தின் நடுவில் ஒரு காடியை வைத்துத் தொடங்கினால், சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுவிலும் காடி வந்து நிற்கும். மூலைக்குப் போக 45 பாகை, அதாவது இரண்டரைக் காடி. ஆகவே நான்கு மூலைகளுக்கும் நேர்கீழே கூர்விளிம்பு வந்து நிற்கும். மேலே மூலை, கீழே முனை. 16லோ 24லோ இது கூடிவராது, மூலைக்குக் கீழேயும் பள்ளமே வரும். இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உருளையையும் சதுரத்தையும் சண்டையில்லாமல் சேர்த்துவைக்கும் எண் அது.

ஏதென்ஸின் பார்த்தெனன் கோயிலை (கி.மு. 447–432) எடுத்துக்கொள்ளலாம். தூணின் அடிவிட்டம் ஏறக்குறைய 1.9 மீட்டர், உச்சியில் 1.48 மீட்டர். காடிகளின் எண்ணிக்கை மாறாது, மேலே போகப்போக அகலம்தான் சுருங்கும். அடியில் சுமார் 30 செ.மீ. அகலமுள்ள காடி உச்சியில் சுமார் 23 செ.மீ. ஆகிவிடுகிறது. இதோடு விட்டார்களா? தூணின் பக்கக்கோடு நேராகவும் இல்லை. நடுவில் மிக மெல்லப் பூசினாற்போல் பருத்திருக்கும். அதற்கு என்டாசிஸ் என்று பெயர். சுருங்கிக்கொண்டே போகிற, அதே நேரம் வளைகிற ஒரு பள்ளத்தைத் தூண் ஒன்றுக்கு இருபது முறை ஒரே மாதிரி வெட்ட வேண்டும். இதற்கு வரைபடம் எங்கே என்ற கேள்விக்கு 1979இல் பதில் கிடைத்தது. துருக்கியிலுள்ள டிடிமா அப்போலோ கோயிலின் சுவர்களில் மெல்லிய கீறல்களாக வேலை வரைபடங்கள் இருப்பதை லோதர் ஹாசல்பெர்கர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். தூணின் அகலத்தை முழு அளவிலேயே வரைந்து, உயரத்தை மட்டும் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, பருமனின் வளைவைக் குறித்துவைத்திருந்தார்கள். ஓர் அடிக்கு 16 விரற்கிடை என்பது அவர்கள் அளவு. வரைபடத்தில் ஒரு விரற்கிடை ஏறினால் கல்லில் ஓர் அடி. சுவருக்கு மெருகு ஏற்றியிருந்தால் கீறல்கள் அழிந்திருக்கும், ஆனால் கோயில் முடியவே இல்லை.

முடியாத கோயில்கள்தான் இந்த வேலையின் ரகசியத்தைச் சொல்லித்தருகின்றன. காடியைத் தரையில் வைத்து வெட்டிவிட்டுத் தூணை நிறுத்தினார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. தூண் வட்டு வட்டாக அடுக்கப்பட்டது. அடிவட்டின் கீழ் விளிம்பிலும், உச்சிக்கல்லின் கழுத்திலும் மட்டும் சில அங்குலம் காடியைத் தொடங்கி வைத்தார்கள். நடுவில் உள்ள வட்டுகள் தோல் உரிக்காத பழம் மாதிரி மேல்சதையோடு ஏறின. எல்லாம் அடுக்கி முடித்து, கூரைப்பாரம் ஏறிய பிறகு, சாரம் கட்டி, கீழே இருக்கிற காடியையும் மேலே இருக்கிற காடியையும் இணைத்து வெட்டினார்கள். காரணம் லேசானது: கூர்விளிம்பு வண்டியிலும் கயிற்றிலும் உடையும், முன்கூட்டியே வெட்டிய வட்டுகளை மயிரிழை பிசகாமல் பொருத்துவது பெரும்பாடு. ஒன்றாக வெட்டினால் இணைப்புக் கோடுகள் காடியின் நிழலில் மறைந்தே போகும். சிசிலியின் செகெஸ்டா கோயில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வரவே இல்லை, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் நின்றுபோனது, தூண்கள் இன்றும் மொழுக்கென்று நிற்கின்றன. டிடிமாவில் நிமிர்ந்து நிற்கும் மூன்று தூண்களில் இரண்டுக்குக் காடி உண்டு, ஒன்றுக்கு இல்லை.

வெட்டியவர்களுக்கு என்ன கூலி என்பதுகூடத் தெரியும். ஏதென்ஸின் எரெக்தியான் கோயிலின் கட்டுமானக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் கிழக்கு முகப்பின் ஆறு தூண்களுக்குக் காடி வெட்டியவர்களின் பெயரும் கூலியும் தூண்வாரியாக வருகிறது. ஒரு தூணுக்கு ஒரு குழு. குழுவுக்குள் நகரத்துக் குடிமகனும் இருப்பான், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனும் இருப்பான், அடிமையும் இருப்பான். கூலி ஒரே கூலிதான், நாளுக்கு ஒரு டிராக்மா என்ற வெள்ளிக்காசு. அடிமையின் கூலி யார் கைக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? நடுப்பகல் வெயிலில் நிற்கும் வழுவழுப்பான வெள்ளை உருளையைத் தூரத்திலிருந்து பார்த்தால் அது உருண்டை என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு: ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக மெல்ல மாறுவது. வெளிச்சம் நேர்முகமாக விழுந்தால் அதுவும் போய், தூண் தட்டையான பட்டையாகத் தெரியும். காடி வெட்டிய தூணில் இரண்டாவது சாட்சி சேர்கிறது. நடுவில் உள்ள காடி அகலமாகவும், ஓரத்துக்குப் போகப்போக ஒடுக்கமாகவும் தெரியும். அந்தச் சுருக்கத்தைக் கண் தன்னையறியாமல் எண்ணி, உருண்டையைப் புரிந்துகொள்ளும். மேகம் மூடினாலும் இது வேலை செய்யும். அப்புறம், இருபது காடிக்கும் இருபது தனித்தனி நிழல். சூரியன் நகர நகர அவை ஒவ்வொன்றாக நிரம்பும், ஒவ்வொன்றாக வடியும்.

ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ரூவியஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். கோயிலின் உள்ளே, வெளிச்சம் குறைந்த இடத்தில், மெல்லிய தூண்களை வைக்கலாம். அவை ஒல்லியாகத் தெரியக்கூடாது என்றால் வெளித்தூணுக்கு 24 காடி இருக்கும்போது உள்தூணுக்கு 28 அல்லது 32 வெட்டுங்கள் என்கிறார். தொட்டுப் போக வேண்டிய புள்ளிகள் கூடினால் கண் அதிக தூரம் நடந்ததாக நினைத்துக்கொள்ளும், தூண் பருமனாகத் தெரியும் என்பது அவர் வாதம். அயோனிக் காடியின் ஆழத்துக்கு அவர் சொல்கிற சோதனை எனக்குப் பிடித்தது. தச்சர் மூலைமட்டத்தைக் காடிக்குள் வைத்துச் சுழற்ற வேண்டும். மட்டத்தின் இரண்டு கைகளும் இரண்டு விளிம்புகளைத் தொட்டபடியே இருக்க, மூலை பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே போனால் காடி சரியான அரைவட்டம். அரைவட்டத்துக்குள் வரையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்த தேற்றம்தான், கையில் கருவியாக வந்து நிற்கிறது.

கைக்கு வருவோம். கூர்விளிம்பு அழகு, ஆனால் ஆள் நடமாட்டத்தைத் தாங்காது. கோயிலைச் சுற்றி நிற்பவர்கள் தூணில் சாய்வதில்லை. சந்தை மண்டபத்தில் சாய்வார்கள், மூட்டையை இடிப்பார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் எழுந்த அட்டாலஸ் மண்டபத்தின் வெளித்தூண்களில் அடி மூன்றில் ஒரு பங்குக்குக் காடியே வெட்டவில்லை. தோள் உரசும் உயரத்துக்கு மேல்தான் காடி தொடங்குகிறது. 1950களில் அந்த மண்டபத்தைத் திரும்பக் கட்டியபோதும் அப்படியே செய்தார்கள். ரோமானியர்கள் வேறு தந்திரம் கண்டார்கள். காடியை அடிவரை வெட்டிவிட்டு, கீழ்ப்பகுதியில் பள்ளத்துக்குள் ஒரு கயிறு கிடப்பது போல் புடைவரியை விட்டுவைப்பது. பள்ளம் நிரம்பிவிட்டால் விளிம்பு உடையாது. காடியும் புடைவரியும் ஒரே தூணில் குடித்தனம் நடத்துவது இங்கேதான். கல் வாங்க வழியில்லாத இடத்தில் செங்கல்லும் உதவியது. பொம்பே நகரத்தின் பசிலிக்கா என்ற பொது மண்டபத்தில் பூவிதழ் போல் வெட்டிய செங்கற்களை அடுக்கிக் காடித் தூண் எழுப்பி, மேலே சுண்ணச்சாந்து பூசியிருக்கிறார்கள்.

எந்தக் கல்லிலும் காடி வெட்டலாம் என்றும் இல்லை. ரோமின் பாந்தியன் கோயில் முகப்பில் எகிப்திலிருந்து கொண்டுவந்த 16 கிரானைட் தூண்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயர ஒற்றைக்கல். ஒன்றிலும் காடி இல்லை. கிரானைட்டின் பெரிய மணிகள் கூர்விளிம்பில் நிற்காமல் பொலபொலவென்று உதிரும், மெருகேற்றினாலோ ஜொலிக்கும். உள்ளே போனால் மஞ்சள் பளிங்குத் தூண்களில் காடி இருக்கிறது.

காடி நேராகத்தான் ஓட வேண்டுமா? கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமானியச் சவப்பேழைகளில் ‘எஸ்’ வடிவில் நெளியும் காடிகள் வரிசையாக வருகின்றன. குளியலில் உடம்பு வழிக்கும் வளைந்த கருவியான ஸ்ட்ரிஜிலின் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். உருவங்கள் செதுக்கத் தேர்ந்த கை வேண்டும். இந்த நெளிவை அச்சு வைத்துப் பட்டறையில் மளமளவென்று வெட்டிவிடலாம். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் (1093இல் தொடங்கியது) பருத்த தூண்களில் காடிகள் சுருளாகவும் கோணல்மாணலாகவும் ஓடுகின்றன. சில இடங்களில் கட்டடமே காடியாகிவிட்டது. ஈரானின் கொன்பதே காபூஸ் கோபுரம், 1006–07இல் செங்கல்லில் எழுந்தது, 53 மீட்டர். பத்து முக்கோண முனைகள் அடியிலிருந்து கூரை வரை நிற்கின்றன. டெல்லி குதுப் மினாரில் முதல் தளத்தில் உருண்டைப் புடைவரியும் கோணப் புடைவரியும் மாறிமாறி வரும், இரண்டாவது தளத்தில் உருண்டை மட்டும், மூன்றாவதில் கோணம் மட்டும். 72.5 மீட்டர் கோபுரத்துக்கு அருகில் போகாமலே தளம் எண்ணலாம்.

கட்டடத்தை விட்டுக் கைவினைக்கு வந்தால், காடிக்கு இன்னொரு வேலை இருப்பது தெரிகிறது. தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கும். விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் நிற்கும். தகடும் அப்படித்தான். மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) ‘ஊர்’ என்ற பழைய நகரத்தில் புவாபி அரசியின் கல்லறையில் கிடைத்த பொன் கிண்ணம், கி.மு. 2500 வாக்கினது, நெடுக்கக் காடி கொண்டது. மெல்லிய பொன் தகடு கையில் நசுங்காமல் இருக்க அந்த வரிகள் உதவும், பிடியும் வழுக்காது. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஜெர்மன் கவசங்களில் விசிறிபோல் விரியும் வரிகள் நிறைந்திருக்கின்றன. மாக்சிமிலியன் கவசம் என்பார்கள். மடிப்பு வைத்த உடையைப் போலிருக்கும் அவை, எடை கூட்டாமல் இரும்பை விறைப்பாக்கின. 1829இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் நெளிதகட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது செய்ததும் இதையேதான், ஆனால் அதை யாரும் அலங்காரம் என்று சொல்வதில்லை. அட்டைப்பெட்டியின் கதை இன்னும் சுவை. நெளிந்த காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் முதல் காப்புரிமை வாங்கியது பெட்டிக்காக அல்ல, உயரத் தொப்பிக்குள் வைக்க. பெட்டித் தொழிலில் அந்த நெளிவுக்கு இன்றும் ஃப்ளூட் என்றே பெயர்.

மண்ணில் காடி வெட்டுவதற்குப் பதம் பார்க்க வேண்டும். சக்கரத்திலிருந்து இறக்கிய பானை பாதி உலர்ந்து, அழுத்தினால் நசுங்காமல், நகத்தால் கீறினால் சுருளாக எழும்பும் நேரம் அது. சுவரைக் கொஞ்சம் தடிமனாகவே வனைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவி மறுபக்கம் வந்துவிடும். வெட்டியது பாதி வேலைதான், மீதியைச் சூளை செய்யும். மேலே பூசிய கண்ணாடி போன்ற மெருகு உருகி, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேடு வெளிறி, பள்ளம் அடர்ந்து போகும். செலடான் என்கிற சீன, கொரியப் பச்சை மெருகுப் பாண்டங்களில் இது அற்புதமாகத் தெரியும். 1146இல் இறந்த கொரியாவின் கொர்யோ வம்ச மன்னர் இன்ஜோங்கின் கல்லறைப் பொருளாக அறியப்படும் முலாம்பழ வடிவக் குடுவையில் வேறு ஓவியமே இல்லை. புடைவரியும், இடுக்குகளில் ஒதுங்கிய பச்சையும்தான். கல்லில் சூரியன் போட்ட நிழலை இங்கே மெருகு நிரந்தரமாகப் போட்டுவைத்துவிடுகிறது.

மரத்தில் கடைசல் பிடித்த மேசைக்காலை இயந்திரத்திலேயே சுழலாமல் பூட்டி, வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் துளைத்தகட்டை ஒவ்வொரு துளையாக நகர்த்திக் காடி எடுப்பார்கள். சுவரோடு ஒட்டிய தட்டைத் தூணுக்கு வழக்கமாக ஏழு காடி. ஒற்றைப்படை என்றால் நட்டநடுவில் ஒரு பள்ளம் வரும், இரண்டு ஓரமும் சமமாக நிற்கும். ரூட்டர் என்கிற சுழல்கத்தி இயந்திரம் வந்த பிறகு இதெல்லாம் நிமிட வேலை. ஆனால் இயந்திரக் காடி அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் ஓடும். சரிந்து மெலிகிற காலில் அதை வைத்தால் பள்ளம் அப்படியே இருக்க, நடுப்பட்டை மட்டும் ஒல்லியாகிக்கொண்டே போகும். எங்கோ இடறுகிறதே என்று கண் சொல்வது இதைத்தான்.

கண்ணாடியில் ஒவ்வொரு வரியும் ஒரு நீண்ட லென்ஸ். வரி நெடுக்காக நின்றால் பிம்பம் இடவலமாக மட்டுமே சிதறும். நிற்கிற ஆளின் உருவம் துண்டு துண்டாகிவிடும், மேசையின் கிடைக்கோடு மட்டும் ஓரளவு தெரியும். அதே கண்ணாடியைப் படுக்கவைத்துப் பொருத்தினால் ஆளின் பக்கக்கோடு தப்பித்துவிடும். மறைப்புக்காக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வரியின் திசையைத்தான். கண்ணாடியை ஒட்டி இருக்கிற பொருள் எப்படிப் பொருத்தினாலும் தெரியும் என்பது இன்னொன்று.

அலங்காரத்தின் எதிரி என்று பெயரெடுத்த கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லோஸ், சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் கட்டடப் போட்டிக்கு 1922இல் அனுப்பிய திட்டம் ஒரு பிரம்மாண்ட டோரிக் தூண். காடியெல்லாம் போட்ட வானளாவி! அது கட்டப்படவில்லை. வரிகளைக் கான்கிரீட்டில் நிஜமாகவே கொண்டுவந்தவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பால் ருடால்ஃப். யேல் பல்கலைக்கழகத்தில் 1963இல் முடிந்த கலை, கட்டடக்கலைக் கட்டடத்தில் சுவர்களை நெடுக்குப் புடைவரிகளாக வார்த்து, அச்சுப்பலகையை எடுத்த பிறகு, ஒவ்வொரு வரியின் முனையையும் ஆட்களை வைத்துச் சுத்தியலால் உடைக்கச் சொன்னார். உடைந்த இடத்தில் உள்ளிருக்கும் ஜல்லி வெளியே வந்தது, ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி நிழல் விட்டது. தூரத்தில் நின்றால் அந்தச் சுவர் வரிவரியான கோர்டுராய்த் துணி மாதிரி மெத்தென்று தெரியும். கிட்டே போய்ச் சாய்ந்தால் தோளைக் கீறிவிடும்.